துணைக்கு ஒரு ஆள்

அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதல் போன் டாக்டருக்குப் போகாது. அவளுக்குத்தான் போகும். பிரசவமா, கூப்பிடு அவளை. இடுப்பு எலும்பு முறிவா, கூப்பிடு அவளை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள், நாய்க்குச் சாப்பாடு வைப்பது யார்? கூப்பிடு அவளை. அவளும் ஒரு பையில் இரண்டு மாற்றுத்துணியைத் திணித்துக்கொண்டு வந்து நிற்பாள். வந்து பெரிதாக என்ன செய்துவிடுவாள்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதைச் செய்ய அந்த வீட்டில் வேறு ஒருத்தருக்கும் உடம்பு வளையாது.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'டார்ச் அத்தை'. கரண்ட் போனால் மட்டும் தேடுவார்களாம், கரண்ட் வந்ததும் எங்கே வைத்தோம் என்று மறந்துபோகுமாம். பெரியவர்கள் அதட்டியிருக்க வேண்டாமா? விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அண்ணன் தன் போனில் அவள் எண்ணை அந்தப் பெயரிலேயே பதிந்து வைத்துக்கொண்டார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் 'இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறது' என்று அதற்கு வேறு ஒரு பாட்டம் கேட்க வேண்டியிருக்கும்.

அண்ணனுக்குத் தங்கை, ஒரு தங்கைக்கும் தம்பிக்கும் அக்கா. நடுவில் மாட்டிக்கொண்டவள். வயசு இருந்தபோது அவளையும் பெண் கேட்டு வரத்தான் செய்தார்கள். அப்போது அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். "இப்ப முடியாதுங்க, அப்பாவைப் பாத்துக்க ஆள் வேணும்" என்று அண்ணன்தான் வந்தவர்களை வாசலோடு அனுப்பி வைத்தார். அப்பா போய்ச் சேர்வதற்குள் அவர்களெல்லாம் வேறு இடம் பார்த்துக்கொண்டு பிள்ளைகுட்டியும் பெற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கென்று யாரும் பார்க்கவில்லை. 'அவளுக்கு அதுல எல்லாம் இஷ்டமில்ல' என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள், சொல்லிச் சொல்லித் தாங்களே அதை நம்பியும் விட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு வேலை இல்லாமல் இல்லை. கடைத்தெருவின் கோடியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் பைண்டிங் கடை. அச்சடித்த பெரிய தாள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பக்க வரிசை பிசகாமல் அவற்றை மடித்து, வழவழப்பான ஒரு எலும்புத் துண்டால் மடிப்பை அழுத்தித் தேய்த்து, அடுக்கி, ஊசி நூலால் தைக்க வேண்டும். பசை வாடையும் காகிதத் தூசியுமாக மூச்சை அடைக்கும் அறை. அவளுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான். அங்கே அவள் மடித்ததைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து "நல்லாருக்கு" என்றார்கள். ஆனால் வீட்டிலிருந்து போன் வந்தால் போட்டது போட்டபடி எழுந்து போய்விடுவாள். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ இங்க வேலைக்கு வர்றியா, விருந்தாளியா வர்றியாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றோடு அவளைத் தையலிலிருந்து எடுத்துவிட்டுத் தாள் கட்டு சுமக்க விட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குள் என்னவோ நின்றுபோயிற்று. காலையில் கண் விழித்தால், 'அட, இன்னைக்கும் விடிஞ்சிடுச்சா' என்றிருக்கும். சாப்பாடு வாயில் மண்ணாக இருந்தது. தலை வாருவதே மலையைப் புரட்டுவதாக இருந்தது. ஒரு தடவை தங்கையிடம் வாய்விட்டுச் சொன்னாள். "மனசே சரியில்லடி. எதுக்கு இருக்கோம்னு இருக்கு."

"மனசுன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்கியா நீ? குடுத்து வெச்சவ! எனக்கு அதுக்குக்கூட நேரமில்ல" என்றாள் தங்கை. அதே மூச்சில், தன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வருகிறது, அக்கா வந்து கூட இருக்க முடியுமா என்றும் கேட்டாள். இவள் "வர்றேன்" என்றாள். அதற்குப் பிறகு யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செத்துப்போய்விடலாம் என்று அவள் முடிவு செய்தது அழுது புரண்டு அல்ல. நிதானமாகத்தான் முடிவு செய்தாள். செய்த பிறகு மனசு கொஞ்சம் லேசானதுபோலக்கூட இருந்தது. அந்த லேசு இருக்கிறதே, அதைப்போலப் பயங்கரமானது வேறில்லை. பார்க்கிறவர்களுக்கு 'பரவால்லையே, தெளிஞ்சுட்டாளே' என்று தோன்றும். கடையில் தன் எலும்புத் துண்டைப் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் கொடுத்தாள். "இனிமே எனக்கெதுக்கு" என்றாள். அந்தப் பெண், "ஐயோ, தேங்க்ஸ்க்கா!" என்று பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டாள். எதுக்கு இனிமே வேண்டாம் என்று அவளாவது கேட்டிருக்கக் கூடாதா? தான் குடியிருந்த ஒற்றை அறையைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்தாள். அந்தச் சமயத்தில்தான் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கே? உடனே கிளம்பி வா. பொண்ணு ஒரு காரியம் பண்ணிட்டா. நல்லவேளை, பொழச்சிட்டா. ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வர்றோம். பாத்துக்க ஆள் வேணும்."

மாட்டேன் என்று சொல்லி அவள் நாக்குக்குப் பழக்கமில்லை. "வர்றேண்ணா" என்றாள். சரி, இந்த ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் நம் காரியத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். சாவதைக்கூட அடுத்தவர் வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இவள் அப்படித்தான்.

அண்ணனுக்கு டைல்ஸ் வியாபாரம். வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். கூடத்தில் நிற்க வைத்தே அவளுக்குப் பாடம் நடத்தினார். "இதப் பாரு. அவளைக் கண்ணைவிட்டு அகல விடக்கூடாது. குளிக்கப் போனாலும் கதவுகிட்ட நில்லு. ஆனா அந்தப் பேச்சை மட்டும் மறந்தும் எடுக்காத. ஏன் பண்ணே, எதுக்குப் பண்ணே, மூச்! கேட்டா ஞாபகம் வந்து திரும்பவும் தோணும்."

"யார் விசாரிச்சாலும் சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லு" என்றாள் அண்ணி. "நாளைக்கு நாங்க நாலு பேர் முகத்துல முழிக்கணும்."

பிறகு அண்ணன் செய்த காரியத்தைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஆபத்து என்று தோன்றுகிற அத்தனையையும் பூட்டி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நல்ல யோசனைதான். அண்ணனும் மருந்து அலமாரி, மொட்டைமாடிக் கதவு, சமையலறை இழுப்பறை என்று ஒன்று விடாமல் பூட்டினார். பூட்டிவிட்டு, அந்தக் கொத்துச் சாவியைக் கொண்டுவந்து இவள் கையில் வைத்தார். "உன்னை நம்பித்தான் குடுக்கறேன்" என்றார். அந்த வீட்டில் அந்தச் சாவியைத் தொடவே கூடாத ஆள் யாரோ, அவள் கையில் வைத்தார். இத்தனை வருஷத்தில் தங்கையின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் வைத்திருக்க மாட்டார். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அண்ணன் மகள் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிற பெண். கலகலவென்று பேசுவாள், டார்ச் அத்தை என்ற பெயரை உண்டாக்கியதே அவள்தான். இப்போது மாடி அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அத்தை நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் பேசவில்லை. பேசக்கூடாது என்பதுதானே உத்தரவு.

பேசாமல் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். மற்றவர்கள் அறை வாசலில் நின்று என்னென்ன பேசினார்கள்! "என்ன கொறை வெச்சேன் உனக்கு? கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தேனே" என்று அண்ணன் தினமும் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போவார், பதிலுக்கு நிற்க மாட்டார். "பெத்தவளை நெனச்சுப் பாத்தியாடி? நான் செத்திருந்தா தெரிஞ்சிருக்கும் உனக்கு" என்பாள் அண்ணி. பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, வயிறு சரியாயிற்றா என்று கேட்டுவிட்டு, இறங்கிப் போகும்போது படியிலேயே, "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் திமிர் ஜாஸ்தி" என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் அத்தனையையும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அத்தை எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்தாதே என்று அதற்கும் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுப்பதும் அத்தைதான். ஒவ்வொரு தடவையும் அலமாரியைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் நிற்பாள். நின்றுவிட்டு, ஒரே ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு பூட்டிவிடுவாள். இந்தப் பெண் எழுந்து நடமாடட்டும், அப்புறம் என்று நினைப்பாள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. பெண் எழுந்து உட்கார்ந்தாள், தானாகத் தலை வாரினாள், ஒரு நாள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தைக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு கூடவே, 'சரி, நம்ம முறை வந்தாச்சு' என்றும் இருந்தது.

தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சமையல்காரம்மாவிடம் கொடுத்தாள். நல்ல குடை ஒன்று இருந்தது, அதை வாசல் பெருக்க வருகிறவளிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் வாயார வாழ்த்திவிட்டு வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு மத்தியானம் அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "இந்த சட்டையெல்லாம் இப்படித்தான் மடிக்கணும், பாத்துக்கோ. நாளைக்கு நான் இல்லன்னாலும் கசங்காம இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பெண் கட்டிலிலிருந்து இறங்கி வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். அத்தையின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அத்தை, வாட்ச் எங்க?"

"சமையல்காரம்மாவுக்குக் குடுத்துட்டேன். எனக்கு எதுக்கு?"

"நானும் இப்படித்தான் குடுத்தேன். ஆபீஸ்ல பக்கத்து சீட்டு பொண்ணுக்கு என் ஹெட்போன், டேபிள்ல வெச்சிருந்த செடி எல்லாம் குடுத்தேன். அவ ட்ரீட் குடுக்கறேன்னா." பிறகு நேராகக் கேட்டாள். "அத்தை, நீங்க சாகலாம்னு இருக்கீங்களா?"

"சீ, வாயைக் கழுவு! என்ன பேச்சு பேசறே?" அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்னைப் பாத்துக்க வந்திருக்கேன் நான். உங்கப்பா காதுல விழுந்தா என்னைத்தான் திட்டுவார்."

"திட்டட்டும். நீங்க பதில் சொல்லுங்க."

அத்தை மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதையும் பிரித்தாள். அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள் அவளை. எப்ப வருவே, சாப்பாடு குடுத்தியா, பாத்திரம் எங்க வெச்சே, ஏன் லேட்டு. இந்தக் கேள்வியை ஒரு மனுஷனும் கேட்டதில்லை.

"ஆமா" என்றாள்.

"எப்ப?"

"நீ நல்லானதும்."

பெண் அழவில்லை, கத்தவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

"உங்கிட்டயா? நல்லாருக்கே கதை! உங்கிட்டேர்ந்து காப்பாத்தத்தானே எங்கிட்ட குடுத்திருக்காங்க."

"சரி, எங்கிட்ட வேணாம். உங்ககிட்டயும் வேணாம்." கொத்தை இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்கள். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கும் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அது அழுகையில் போய் நின்றது. "ரொம்ப வலிக்குதுடி" என்றாள் அத்தை. "எங்கன்னு கேக்காத. எனக்கே தெரியல."

"தெரியும் அத்தை. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு என்று வார்டு நர்ஸ் ஒரு எண் கொடுத்திருந்தார். பெண் அதற்குப் போன் செய்தாள். நர்ஸ் பதறவில்லை. "கேட்டது ரொம்ப நல்லதாப் போச்சும்மா. கேக்கறதால யாருக்கும் புதுசா தோணிடாது. மனசுல இருக்கறவங்களுக்கு இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும். சாவியை மூணாவது ஆள்கிட்ட குடுத்துடுங்க. ஒருத்தரை விட்டு ஒருத்தர் நகராதீங்க. இன்னைக்கே வாங்க, ரெண்டு பேரும்."

மூன்றாவது ஆள் என்று அந்நேரம் வீட்டில் இருந்தது சமையல்காரம்மா ஒருத்திதான். "ஐயோ, எனக்கெதுக்கும்மா இது? ஏதாவது காணாம போச்சுன்னா என் தலையிலதான் விழும்" என்று பயந்தாள் அவள். இருவரும் கெஞ்சியதால் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அண்ணி வெளியே போயிருந்தவள் அப்போது பார்த்துத்தான் உள்ளே வர வேண்டுமா! கொத்துச் சாவியை வேலைக்காரி இடுப்பில் பார்த்ததும் வீடு ரெண்டுபட்டது. அண்ணனுக்குப் போன் போயிற்று. கடையை விட்டு அண்ணன் பறந்து வந்தார்.

"அம்மா, கத்தாத. அத்தைக்கும் டாக்டரைப் பாக்கணும். சாகணும்னு இருக்காங்க" என்றாள் பெண்.

"இவளுக்கு என்ன கேடு?" என்றாள் அண்ணி. "புருஷன் தொல்லையா, புள்ளைத் தொல்லையா? வேளாவேளைக்குச் சோறு, உக்கார நாற்காலி. இதுக்கு மேல என்ன வேணுமாம் மகாராணிக்கு?" சமையல்காரம்மாவிடமிருந்து சாவியைப் பிடுங்கி, அலமாரிகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். ஏதாவது குறைகிறதா என்றுதான் பார்த்தாள். மாத்திரையை அல்ல, வெள்ளிச் சாமானை.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "ஏன் இப்படிப் பண்றே? என் பொண்ணைப் பாத்துக்கத்தானே கூப்பிட்டேன்? அவளோட போட்டிக்கா வந்திருக்கே நீ? இருக்கற கவலை போதாதா எனக்கு? இந்த வயசுல இதெல்லாம் உனக்குத் தேவையா?"

அவள் வாய் தானாகவே, "மன்னிச்சிருண்ணா" என்றது. உயிரோடு இருக்க முடியவில்லை என்பதற்கு மன்னிப்புக் கேட்டாள். பக்கத்தில் நின்ற பெண்ணுக்குத்தான் தாங்கவில்லை. "அத்தை வண்டியில ஏறினாத்தான் நானும் ஏறுவேன். இல்லன்னா என் மாத்திரையும் வேணாம், டாக்டரும் வேணாம்" என்றாள். மகளிடம் அண்ணனுக்குப் பயம் வந்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

டாக்டர் களைத்த முகமுள்ள ஒரு பெண்மணி. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அத்தையிடம் பேசினார். எவ்வளவு நாளாக இப்படி, தூக்கம் உண்டா, எப்படி என்று யோசித்தீர்களா, இப்போது தோன்றுகிறதா? ஒளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவையும் வைத்துக்கொண்டா இந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று. டாக்டர் கதவைத் திறந்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"இவங்களை உடனே சேர்க்கணும். கொஞ்ச நாள் கூடவே ஒருத்தர் இருக்கறது நல்லது. துணைக்கு யார் இருக்கீங்க?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள். "இருங்க டாக்டர், கேட்டுச் சொல்றேன்" என்று அண்ணன் போனோடு வராந்தாவுக்குப் போனார். அவருக்குச் சன்னமாகப் பேசவே வராது, கடையில் பேசிப் பேசிப் பழகிய குரல். உள்ளே அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. எதிர்முனை பேசியதும் கேட்டது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் எப்போதும் பேசுவார்.

முதலில் தங்கை. "ஆஸ்பத்திரில துணைக்கா? ஏன், அக்கா எங்க போனா? அவளை அனுப்ப வேண்டியதுதானே?"

"அவளுக்குத்தான்டி துணை வேணும்."

"அவளுக்கா? அவளுக்கு என்ன வந்துச்சு? ஐயோ, எங்க வீட்ல இப்பப் பெயின்ட் அடிக்கறாங்கண்ணா. சாமானெல்லாம் வாசல்ல கெடக்கு."

தம்பி எடுத்த எடுப்பிலேயே, "ஆள் வெச்சுக்க முடியாதா? இப்பல்லாம் அதுக்குன்னு ஏஜென்சி இருக்கே" என்றான். தங்கை மகளைக் கூப்பிட்டார், ஒரு காலத்தில் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவள். "மாமா, எனக்கு ஆஸ்பத்திரி வாடையே ஒத்துக்காது" என்றாள் அவள். இவள் கழுவிவிடாத பிள்ளை அந்தக் குடும்பத்தில் இல்லை, இவள் கண் விழிக்காத நோயாளி இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து உட்கார ஒரு நாதி இல்லை. கேட்டுக்கொண்டு அவள் டாக்டர் அறைக் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் உள்ளே வந்தார். "மாத்திரை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன். என் பொண்ணு பாத்துக்குவா. அவளும் சும்மாதானே இருக்கா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல்ல பொண்ணுக்கு இவங்களைக் காவல் வெச்சீங்க. இப்ப இவங்களுக்குப் பொண்ணையா? உங்க வீட்ல நல்லா இருக்கறவங்க ஒருத்தர்கூட இல்லையா சார்?"

அண்ணனுக்கு முகம் சிவந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "துணைக்கு ஆள் இல்லாட்டி பரவால்ல, எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க" என்றார் டாக்டர் அவளிடம். பிறகு அண்ணியை நிறுத்தி, "உங்க பொண்ணு பக்கத்துல இனிமே நீங்கதான் உக்காரணும். வேற யாரையும் கூப்பிடாதீங்க. திட்டாம உக்காருங்க, அது போதும்" என்றார். அண்ணி தலையை ஆட்டிய ஆட்டலில் சம்மதம் எவ்வளவு, கடுப்பு எவ்வளவு என்று சொல்வது கஷ்டம்.

அவர்களோடு போக வேண்டிய பெண் வார்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு வருவேன். நான் வரும்போது நீங்க இருக்கணும்."

"இருக்கேன். நீயும் வந்துடணும். வராம இருந்துடாத" என்றாள் அத்தை. அந்தப் பெண் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறாள் என்பதை நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. தனக்காக அல்லாமல் இன்னொருத்திக்காகப் பயப்படுகிறோம் என்பது அவளுக்குப் புதிதல்ல. தனக்காகவும் ஒருத்தி பயப்படுகிறாள் என்பதுதான் புதிது.

பெண் வந்தாள். தினமும் வந்தாள். அவளுக்கும் அதே கட்டடத்தில் கவுன்சலிங் இருந்தது, அது முடிந்ததும் மாடியேறி வந்துவிடுவாள். வீட்டில் அம்மா பக்கத்தில் உட்காருகிறாளாம், பத்து நிமிஷம் திட்டாமல் இருக்கிறாளாம், பதினோராவது நிமிஷம் தாங்க மாட்டேன் என்கிறதாம். அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். அண்ணன் வார்டு பக்கமே வரவில்லை. டிரைவரிடம் ஒரு பிளாஸ்க் கொடுத்தனுப்பினார். அத்தைக்கு மாத்திரை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. காலை நேரங்கள் முன்போலவே கொடுமையாகத்தான் இருந்தன. ஒரு நாள் நர்ஸ் வந்து, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "இருக்கவே பிடிக்கல" என்றாள். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தனக்குப் பக்கத்தில் ஒருத்தர் நாற்காலி இழுத்துப் போடும் சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அழுது தீர்த்தாள்.

பெண் வந்திருந்த ஒரு மாலையில் போன் அடித்தது. தம்பி. அத்தைக்கு முகம் மலர்ந்தது. சேர்த்த நாளிலிருந்து ஒருத்தரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, இவனாவது கூப்பிட்டானே என்று அவசரமாக எடுத்தாள்.

"அக்கா, எந்த வார்டுல இருக்கே?"

"மூணாவது மாடிடா. பாக்க வர்றியா?"

"இல்லக்கா, நான் கீழ முதல் மாடிலதான் இருக்கேன். என் வீட்டுக்காரிக்குப் பித்தப்பையில கல்லாம், இதே ஆஸ்பத்திரிலதான் நாளைக்கு ஆபரேஷன். எனக்கு ஆபீஸ்ல லீவு இல்ல. நீ எப்படியும் இங்கதானே இருக்கே? சும்மாதானே படுத்திருக்கே? அப்படியே லிஃப்ட்ல ரெண்டு மாடி இறங்கி வந்து, ஒரு ரெண்டு நாள் அவ பக்கத்துல உக்காந்துக்கயேன்."

அவள் வாயில் 'வர்றேன்' வந்துவிட்டது. பழக்கம் அப்படி. கால்கூடக் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டது, செருப்பைத் தேடியது. பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தடுக்கவில்லை.

"முடியாது" என்றாள் அத்தை.

"என்னது?"

"முடியாதுடா. எனக்கு உடம்பு சரியில்ல."

"உனக்கென்ன உடம்பு? நல்லாத்தானே பேசறே? ஆள் வெச்சா சரிப்படாதுக்கா, அவளுக்குச் சொந்தக்காரங்க யாராவது பக்கத்துல இருந்தாத்தான் தைரியம். அக்கா? ஹலோ? அக்கா, கேக்குதா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. அவள் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். காலைத் தூக்கி மறுபடி கட்டிலில் போட்டுக்கொண்டு, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யாரு அத்தை?" என்றாள் பெண்.

"துணைக்கு ஆள் வேணுமாம்" என்றாள் அத்தை. "விடு. நீ சொல்லு, நேத்து தூங்கினியா? அந்த நெனப்பு வந்துச்சா?"